மதிலில் இருந்த கிண்டி

வெயிலேறிய கடப்பைக் கல்லில் தாய்ப்பால் சிந்திக் காய்ந்தால் ஒரு புளித்த வாடை வரும். பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மதிலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாடைதான்.

அங்கே காலி மனை இருந்தவரை அதன் குறுக்கே நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போவோம். அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது, மதிலும் எழும்பியது. எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனபோது, வழி விட முதலாளி சம்மதிக்கவில்லை என்று கையை விரித்த இளவயது இஞ்சினியரம்மா, தன்னால் ஆனதாக, மதில் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு திறப்பு விட்டு, கடப்பைக் கல் பதித்து, இரு பக்கமும் உட்கார மேடையும் மேலே ஓட்டுச் சார்ப்பும் வைத்துக் கொடுத்தார். கன்னடத்தில் சுவர்த் திறப்பைச் சொல்லும் "கிண்டி" என்ற சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. ஆள் நுழையாது, கீரைக் கூடை நுழையும். கீரை விற்றார்கள், பூ விற்றார்கள், அந்தப் பக்கத்து அம்மாக்கள் மேடையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஊர்க்கதை கேட்டார்கள்.

கைக்குழந்தையும் நுழையும் என்று கண்டுபிடித்தது எங்கள் அம்மா. அவள் அங்கே மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்ட நான், தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வழியெல்லாம் கத்துவான். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா, "அழுத புள்ளதான்டி பால் குடிக்கும், அழட்டும் வுடு" என்று சிரிப்பார். கிண்டி வழியாக நீட்டுவேன். அம்மா முந்தானையை இழுத்து மூடி அங்கேயே உட்கார்ந்து கொடுப்பாள்.

ஒருநாள் அங்கே ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. அது கிடைத்ததா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வாரமே கிண்டியை அடைத்துவிட்டார்கள். "ஆர்டரும்மா, நான் இன்னா பண்றது?" என்றார் வாட்ச்மேன். கேட் வழியாகச் சுற்றி வர அரை மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் அம்மாவை விட எந்த வீட்டுக்காரிக்கும் மனம் வரவில்லை. தம்பிக்குப் புட்டிப்பால் வந்தது, பின்னாலேயே பேதியும் வந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். அவனும் அழுதுதான் பார்த்தான். பிறகு அழவும் தெம்பில்லாமல் போய்விட்டான்.

காரியம் முடிந்து அம்மா வேலைக்குப் போன முதல் நாள், சங்கு ஊதியதும் என் கால்கள் தாமாக மதிலுக்குப் போய்விட்டன. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். நானும் தட்டினேன். மார்பில் கட்டியிருந்த பால் நனைத்த ரவிக்கையோடு அம்மா அங்கே நின்றிருந்தாள் என்பது சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது.

இப்போது மேடைகள் இல்லை, சார்ப்பு இல்லை. மதில் இன்னும் உயர்ந்து, மேலே மின்கம்பி ஓடுகிறது. வெளிப்பக்கம் கைகோத்து நிற்கும் குழந்தைகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அடைத்த செங்கல் பழைய சுவரோடு ஒட்டவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கிண்டி இருந்த சதுரம் அப்படியே விரிசல் விடுகிறது, ஆள் வைத்துப் பூசுகிறார்கள். போன மாதம் அம்மாவோடு அந்த வழியாக ஆட்டோவில் போகும்போது, கொத்தனார் அங்கே பூசிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"பூசட்டும்டி. எத்தினி வாட்டி பூசுவாங்க?" என்றாள்.