நான்காவது கூரை

திரிங்காப் மலையூரில் சுற்றுலாச் சவாரிக்கு ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை வாங்கிவந்து, தேயிலைச் சரிவோரம் நானே அதற்குக் கொட்டகை போட்டேன். வேலை தெரியாத கை. மூன்று முறை காற்று தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. குதிரையோ ஒருநாள்கூட உள்ளே வரவில்லை. வெறுத்துப்போய், மிச்சமிருந்த கம்பங்களையும் பிடுங்கிவிடக் காலையில் கடப்பாரையோடு போனேன்.

பனிமூட்டத்தில் மலையே இல்லை. நான்கு கம்பங்கள் மட்டும் மிதந்தன. அவற்றுக்கு நடுவே, தூறலில் நனைந்தபடி, கண்மூடி நின்றுகொண்டிருந்தது குதிரை.

பின்னால் வந்த மனைவி மெல்லச் சொன்னாள்: “இப்பத்தான் நம்மள நம்பி உள்ள வந்திருக்குலா. இப்பப் போயி பிடுங்குறீங்களே?”

கடப்பாரையைப் போட்டுவிட்டு, நான்காவது முறையாகக் கூரை போடச் சுத்தியலை எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் குதிரையின் காது மட்டும் துடித்தது.

கேட்பவர்களிடம் நானே கட்டியது என்றுதான் பெருமையடிக்கிறேன். ஆனால் அன்று தூறலில் விட்டுவிடாமல் நின்றது நானல்ல.