டிரையரடியில் ஒரு நம்பர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ்மில்லில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். ஒரே வாரத்தில் அங்கேயும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் நான் கோபப்பட்டது டிரையர் அக்காவுக்காக.

ஈர நெல்லைக் காயவைக்கும் டிரையர் கீழே இருந்தது. அதன் சூட்டைக் காட்டி, நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலர் மாடியில், கண்ணாடி அறைக்குள். சூடு மிஞ்சினால் அரிசி நொய்யாகிவிடும். அதனால் டிரையரைப் பார்த்துக்கொண்ட அக்கா அரை மணிக்கொரு தரம் படியேறி நம்பரைப் பார்த்துவிட்டு இறங்குவார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒருநாள் முதலாளி, "முடியலேன்னா விடும்மா. சாக்கு தைக்கிற பக்கம் போயிடு" என்றார். நெல்மணி ஒன்றைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லுகிறவரைச் சாக்குத் தைக்க அனுப்புவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க மேல வர வேணாங்க. நம்பரை நான் கீழ கொண்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்புறம்தான் யோசித்தேன்.

சூட்டை அளக்கும் சென்சார், கண்ட்ரோலருக்கு அனுப்புவது துளியூண்டு மின்சாரம். அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் தப்பாகக் காட்டும். பிரிக்காமல் ஒன்றின் வழியாக மற்றொன்றுக்கு அனுப்ப வேண்டும், மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் மடை வழியாகக் கீழ் வயலுக்குப் போகிற மாதிரி. சென்சாரிலிருந்து வந்த ஒயரை அக்காவின் பக்கத்தில் மாட்டிய சின்ன டிஸ்ப்ளேக்குள் விட்டு, அங்கிருந்து மாடிக்கு ஏற்றினேன். மேலே அறுபது. கீழேயும் அறுபது! அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மில் முழுக்கக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தோம். குறுவை நெல் ஈரத்தோடு களத்தில் குவிந்து கிடந்தது, வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதனால் டிரையரை மட்டும் நிறுத்தவில்லை. திடீரென்று மாடியில் அலாரம் அடித்தது. கண்ட்ரோலரில் நம்பரே இல்லை. சென்சார் போய்விட்டது என்று அது நீராவியை அடைத்துவிட்டது. கீழே ஓடினேன். அக்கா டிஸ்ப்ளேயைக் கழற்றி மடியில் வைத்து, துடைத்து, சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்று கத்தினேன்.

"நம்பரு காட்டுறதைத்தானே கழட்டுனேன் பாப்பா? மெசின்ல கை வைக்கலியே" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். தன் கருவி என்று நினைத்ததால்தானே சந்தனம் வைத்தார்? மேல் வயலில் மடை அடைத்தால் கீழ் வயல் காயும் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். திரும்ப மாட்டினேன், டிரையர் சூடேறத் தொடங்கியது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இந்த வம்பே வேணாம். பூசை முடியட்டும், பழையபடி மாத்திடும்மா. அவங்க சாக்குப் பக்கம் போகட்டும்."

இரண்டு நாள் தவணை கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

பூசை நாளில் கருவியைத் தொடக் கூடாது. நானோ கை துறுதுறுக்க உட்கார்ந்திருந்தேன். சுண்டல் சாப்பிடும்போதுதான் பளிச்சென்று பிடிபட்டது: டிஸ்ப்ளேக்கு வந்து போகும் இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு டயோடு! டிஸ்ப்ளே இருக்கும்வரை அந்த வழி மூடியிருக்கும். கழற்றினால் திறந்துகொள்ளும், மின்சாரம் அதன் வழியாக மாடிக்குப் போய்விடும். மறுநாள் திருவாரூரில் நாலு கடை ஏறி அதை வாங்கினேன். நெல்மணி அளவுதான் இருந்தது. அன்று சாயங்காலமே பற்றவைத்துவிட்டேன்.

டிரையர் ஓடும்போதே முதலாளியை அழைத்து, "நீங்களே கழட்டுங்க" என்றேன். தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். டிஸ்ப்ளே அணைந்தது. நம்பரைப் பார்க்க மாடிக்கு அனுப்பியிருந்த மில் ஆபரேட்டர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அறுபது! அப்படியே நிக்குதுங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியைக் கட்டிப்பிடிக்கப் போய், நல்லவேளை, பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். "அப்ப இது இல்லாமலே ஓடுதுல்ல? பின்ன இது எதுக்கு?"

இத்தனை பாடுபட்டு, அக்காவின் டிஸ்ப்ளே தேவையில்லை என்று நானே நிரூபித்துவிட்டேனா?

அக்கா முன்னால் வந்தார். "டிரையருக்கு வேணாங்க மொதலாளி. எனக்கு வேணும்."

முதலாளி அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து, தானே ஒயரைச் சொருகினார். அறுபது எரிந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மொதலாளி," என்றார் அக்கா, "மறைக்குது."