இன்னொரு முறை கூப்பிடச் சொன்னேன்

பழவேற்காட்டில் எங்களுக்குத் துணிக்கடை. கடையில் உட்கார்ந்தபடியே படித்து ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவன் நான். அதனால்தான் ஏரிக்கரை மீனவர் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க வந்த இயக்குநர் என்னை மொழிபெயர்ப்புக்குச் சேர்த்துக்கொண்டார். வடநாட்டுக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. நல்ல மனிதர். கேமராவை வெளியே எடுக்காமலே இரண்டு வாரம் பக்கத்து மீனவர் குப்பமான கோட்டைக்குப்பத்தில் வீடு வீடாகப் போய் டீ குடித்தார்.

படத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது, எங்கள் கடைக்கு வந்துபோகும் ஒரு அக்காவை. முந்தைய வருடம் அவள் கணவரின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்திருந்தது. கூடப் போன இருவரும் நீந்திக் கரையேறினார்கள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அக்காவும் பார்வை மங்கிப்போன மாமனாரும்தான்.

அன்றைக்குக் கரையில் எப்படிக் காத்திருந்தாள் என்று அக்கா செய்து காட்டுவாளா என்று இயக்குநர் கேட்டார். நான் தயங்கினேன்.

"முடிவை அவங்க எடுக்கட்டும். நீங்க கேட்டா மட்டும் போதும்" என்றார் ஆங்கிலத்தில்.

நியாயமாகத்தான் பட்டது. கேட்டேன்.

"செய்றேன் பாய். நாங்க படறத ஜனங்க பாக்கட்டும். மாமா தூங்கிக்கினு இருக்கசொல்ல எடுத்துடுங்க" என்றாள்.

முதல் தடவை நடந்து வந்து தண்ணீரைப் பார்த்து நின்றாள். இயக்குநருக்குப் போதவில்லை. தூரத்தில் வந்த வேறு படகைத் தன் கணவருடையது என்று எண்ணி அவள் அன்று கூப்பிட்டதாக ஊரில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, இன்னொரு வாட்டி. இந்தத் தபா கூப்பிடணுமாம்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

கூப்பிட்டாள். "யோவ்! வந்துட்டியா? யோவ்!"

கரையை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து கிழவர் கைகளை முன்னால் துழாவிக்கொண்டு ஓடி வந்தார். நிற்காமல் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினார்.

"வந்துட்டானாம்மா? எம்புள்ள வந்துட்டானா?"

அக்கா பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல மாமா. சும்மா... படத்துக்கு."

"படமா? இன்னா படம்?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்ன சொன்னார் என்று இயக்குநர் கேட்டார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "என்னோடத வெச்சிக்கட்டும் பாய். மாமா ஓடி வந்தது மட்டும் வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். "நாம நடிக்கச் சொன்னதை வைச்சுக்கிட்டு, நிஜமா நடந்ததை வெட்டுறதா? அதுதானே பொய்?" என்றார் இயக்குநர்.

மறு வருடம் சமுதாயக் கூடத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். படம் அந்தக் காட்சியில்தான் முடிந்தது. முன் வரிசையில் கிழவர். திரை அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. அது தன் குரல் என்று அவருக்கு விளங்கவில்லை.

"யாரோ பாவம், புள்ளயக் கேக்குறான். வந்துட்டானாம்மா அவன் புள்ள?"

"தெரில மாமா. படம் முடிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா. அவர் கையைப் பிடித்து மெல்லக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள், பார்க்கவில்லை.

படம் பல ஊர்களில் ஓடியது. இயக்குநர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா இப்போது துணி வாங்க பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போகிறாளாம்.