தூக்கிய கால்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அச்சக்காவுடையது. முப்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். முதல் பக்கத்தைப் பொறியில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் நாட்டுச் சின்னம் தாளில் புடைத்து நிற்கும். சின்னம் ஒரு விலங்கு. சிறகும் உண்டு, கொம்பும் உண்டு. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியிருக்கும். அதைப் பார்த்ததாகப் பொய் சொன்னவர்கூட ஊரில் இல்லை.

அழுத்தியதும் அக்கா பக்கத்தைப் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுவாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தது இந்தக் கைதான்.

எப்போதாவது ஒரு நாள் அந்த விரல் நின்றுவிடும். தூக்கிய கால் தரையில் ஊன்றியிருக்கும். நானும் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தைக் கழிவில் போட்டு அதே ஆளுக்கு வேறொன்றில் அழுத்தினால் கால் பழையபடி மேலே இருக்கும். தாள் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். கால் ஊன்றிய புத்தகத்துக்குரியவர்கள் பயணம் போய்த் திரும்பவே இல்லை என்று அவர்கள் வீட்டார் கவுன்ட்டருக்கு வந்து அழுதபோதுதான் விஷயம் புரிந்தது. அப்படி ஏழு பேர். எட்டாவது ஆளின் விண்ணப்பத்தை அக்கா இழுப்பறையில் ஒளித்துவைத்தாள். அவர் பயணம் கெட்டது. எங்களைக் கண்டபடி ஏசினார். இன்றும் தெருவில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். நடக்கிறாரே, அது போதும்.

இல்லாத விலங்கு நாட்டுக்குச் சின்னமாக இருக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். வேலையற்றவர்கள். எங்களிடமும் வந்து கருத்துக் கேட்டார்கள், மான் வைக்கலாமாம். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன், வெட்கக்கேடு. அக்கா மட்டும் எழுந்தாள்.

"மானை எல்லாரும் பாத்திருக்கோம் சார். அதுக்கு நம்மளத் தெரியுமா?"

குழுத் தலைவர் சிரித்தார். "இல்லாத ஒண்ணுக்கு மட்டும் தெரியுமாம்மா?"

கால் கதையைச் சொன்னால் பைத்தியம் என்று வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாதமே மான் அச்சு வந்துவிட்டது. பழைய அச்சைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போன ஆள் வாசலுக்குப் போவதற்குள் இரண்டு முறை அதைக் கீழே இறக்கினான். உள்ளே ஏதோ கால் மாற்றி நிற்கிறது என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்காவின் மகளுடைய புத்தகம் மேஜைக்கு வந்தது. வெளிநாட்டில் வேலை, அடுத்த வாரம் பயணம். அக்கா அழுத்தினாள், கண்ணை மூடித் தடவினாள். மறுபடியும் தடவினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் டப்பாவைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"கால் எப்படிக்கா இருக்கு?"

"நாலும் தரையிலதான் இருக்கு," என்றாள்.

மான் எல்லோருடைய புத்தகத்திலும் அப்படித்தான் நிற்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா விரலை எடுக்கவே இல்லை.