துடுப்பால் ஜூம் செய்வது

"ஜூம் லென்ஸெல்லாம் சோம்பேறிகளுக்கு. கிட்டப் போக நமக்குக் கால் இருக்கு" என்று சிதம்பரத்திலிருந்து வழிநெடுக மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். இப்போது பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டின் நடுவே துடுப்புப் படகில் இருக்கிறேன். எழுந்து நின்றால் படகு ஆடுகிறது. கையில் ஜூம் ஆகாத ஒரே ஒரு பிரைம் லென்ஸ்.

எதிரே வேரின் மேல் ஒரு கொக்கு.

"அண்ணே, கொஞ்சம் கிட்டப் போங்க. இல்ல, மரம் முழுசா வரணும், பின்னாடி வாங்க. திரும்ப முன்னாடி."

படகோட்டி போகிறார், வருகிறார், போகிறார். பின்பலகையில் மனைவி தன் சின்ன ஜூமை ஒரு திருகில் கொக்குக்கும், மறுதிருகில் மரத்துக்கும் கொண்டுபோய்விட்டு முறுக்கு கடிக்கிறாள்.

படகோட்டி துடுப்பை மடியில் வைத்துவிடுகிறார். "சார், அக்கா வெரலால திருகுறத நீங்க என் தோள்பட்டையில திருகுறீங்க."

கொக்கு பறந்துவிடுகிறது.

மனைவி எடுத்த படத்தில் கொக்கு, மரம், வியர்வை துடைக்கும் படகோட்டி, கை நீட்டி அதட்டும் நான், எல்லோரும் இருக்கிறோம். என் படத்தில் வெறும் வேர்தான். ஆனால் என்ன ஷார்ப்!