ஸ்டோருக்குத் தண்ணீர் எதற்கு?

மோட்டார் போடுவதற்கு முன் மொக்கையன் ஒரு சின்னக் கல்லைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுக் காதைச் சாய்ப்பார். முன்பெல்லாம் 'களுக்'கென்று பதில் வரும். இப்போது 'டக்'. பாறை. "சரி, செத்துப்போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுநாளும் ஒரு கல்லோடு வந்து நிற்பார்.

மலையடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரர். வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்தாறு வருடம் மலையில், ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பெரித்தே போனது. பச்சைக் காயை விறகுச் சூட்டில் காயவைக்கிற கட்டடத்துக்குத்தான் போடிப் பக்கம் ஸ்டோர் என்று பெயர். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அவர் கையில் இரண்டும் நடந்ததில்லை. அந்த மிதப்பு மலையிறங்கியும் போகவில்லை. வீட்டில் உலை கொதிக்கும்போதுகூட, "வெறகை இழு ஒச்சம்மா, தீ கத்துது" என்பார். "அப்ப நீயே வந்து பொங்கு" என்பாள் மனைவி.

அந்த மிதப்பில்தான் வாயை விட்டார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரோக்கர் ஊர் கூடும் மந்தைக்கு வந்தான். ராசிங்காபுரம் ரோட்டில் பெரிய டேட்டா ஸ்டோர் வருகிறது, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றான். வீரணன் ஒருத்தன்தான் கேட்டான்: "தண்ணி எம்புட்டு எடுப்பாக?"

புரோக்கர் வாயைத் திறக்குமுன் மொக்கையன் முந்திக்கொண்டார். "ஏலே, ஸ்டோருக்குத் தண்ணி எதுக்குடா? ஈரம் பட்டா காயி கறுத்துரும். டேட்டாங்கிறது மொதலாளி பேரா இருக்கும்."

மந்தையே சிரித்தது. புரோக்கரும் சிரித்தான், திருத்தவில்லை. முதல் கையெழுத்து மொக்கையனுடையது. அவருக்கு எழுதத் தெரிந்ததே அந்த ஐந்து எழுத்துத்தான். அவர் சொல்லை நம்பி, கையெழுத்தும் ரேகையுமாக நூற்றுப்பத்துப் பேர்.

கட்டடம் எழும்பியது. உள்ளே காயும் இல்லை, அடுப்பும் இல்லை. ஊர் உலகத்தார் போனில் கேட்கிற கேள்விக்கெல்லாம் யோசித்துப் பதில் சொல்லும் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றனவாம். யோசிக்க யோசிக்கக் கொதிக்குமாம். ஆற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமாம். ஆயிரம் அடியில் ஏழு போர்க் கிணறு. தோட்டத்துக்கு வரும் மும்முனைக் கரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுவருக்குள் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியதில்லை. "யோசிக்கிறதுக்கே இம்புட்டுக் குடிக்கிதே, வேலை வெட்டி செஞ்சா என்னத்தக் குடிக்கும்?" என்று மொக்கையன் கேட்பார். யாரும் சிரிப்பதில்லை.

தண்ணீர் லாரி வரிசையில் அவர் குடத்தை வைத்தால் முன்னால் நிற்கும் இருளம்மாள் விடமாட்டாள். "ஸ்டோர்க்கார மாமனுக்கு எதுக்குக் கொடம்? ஈரம் பட்டாக் கறுத்துருவாரு!" மொக்கையன் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டுக்குக் கார்த்திகா வந்தாள். வீரணன் மகள், காலேஜில் படிப்பவள். எட்டாவது போர் போடப் போகிறார்கள், மறுநாள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும், முதலில் சம்மதித்தவரே முதலில் மறுத்தால்தான் எடுபடும் என்றாள். மனுவை வாசித்தும் காட்டினாள். தாழ்மை, மேலாண்மை, வாழ்வாதாரம் என்று வார்த்தைகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுக்கிக்கொண்டு வந்தன.

"யாரு தாயி எழுதுனது? வக்கீலா?"

"போன்ல கேட்டேன் பெரியப்பா. அதுவே ஒரு நிமிசத்துல எழுதிக் குடுத்துருச்சு."

"அது எங்கன உக்காந்து எழுதுது?"

கார்த்திகா ராசிங்காபுரம் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். "இந்த மாதிரி ஒரு ஸ்டோர்லதான்" என்றாள், பாதிக் குரலில்.

மொக்கையன் தாளை வாங்கி, எழுத்தில்லாத பக்கமாகத் திருப்பி மோட்டார் ரூம் படியில் வைத்தார். கையெழுத்துக்கு அவள் நீட்டிய பேனாவை அவள் கையிலேயே திணித்தார். "நாஞ் சொல்லுறேன், நீ எழுது தாயி." மலைக்காற்றில் தாள் பறந்துவிடாதபடி, அதன் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தார்.