அன்சாரியின் பாக்கெட்டில் வந்த பித்தளை

போன வாரம் திப்பா பக்கத்து மலையடிவாரத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சு விமானம் ஒன்று பயிற்சிப் பறப்பில் அங்கே விழுந்ததாகக் கேள்வி. என் மைத்துனன் அன்சாரிக்கு மறுநாளிலிருந்து லீவு. பிறந்த மகளை முதல்முறை பார்க்க ஊருக்குப் பறக்கவிருந்தான். "போறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு அடிப்போம் மச்சான்" என்று அவன்தான் இழுத்துப்போனான்.

நான் தங்கியிருக்கும் தேராவிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பெட்ரோலுக்கு அறுபது திர்ஹம். கடைசியில் கல்பாதை; சின்னக் காரின் அடிவயிறு உரசும்.

பார்க்க அதிகமில்லை. வளைந்த தகடுகள், துருப்பிடித்த ஒரு சட்டம். எதிரியையே பார்க்காமல், பழகும்போதே செத்த பையன்களை நினைத்து எனக்கு மனசு கனத்தது.

திரும்பும் வழியில் மசாஃபியில் டீ குடித்தோம். அன்சாரி பாக்கெட்டிலிருந்து, மலையடிவாரத்தில் பொறுக்கிய, விரல் தடிமனில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தான். முசஃபாவில் பழைய இரும்புக் கடையில் வேலை அவனுக்கு. பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காது. டீக்கடை வைத்திருந்த பட்டாணியர் அலறினார்.

"பாய், யே கோலி ஹை! ஹாத் மத் லகாவ்!"

இது தோட்டா, தொடாதே என்கிறார். வெடிக்காத தோட்டா. இந்த நாட்டில் தோட்டாவோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

"தூக்கி வீசிடலாமா மச்சான்?" என்றான் அன்சாரி.

"வேற யாராவது எடுத்தா?"

"போலீசுக்குச் சொல்லி, அவங்க பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுட்டா, புள்ளைய எப்ப பாக்குறது?"

நான் போலீசுக்கு போன் செய்தேன். வந்தார்கள், கடையைக் காலி செய்தார்கள், எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அதிகாரி ஏன் எடுத்தாய் என்று உருதுவில் கேட்டார்.

"பழக்கம் சாப். பித்தளைன்னு நெனச்சேன்" என்று தெரிந்த உருதுவில் சொன்னான்.

அவர் அவனுடைய காய்த்துப்போன கைகளைப் பார்த்தார். அட்டைகளை நீட்டி, "கலாஸ். யல்லா" என்றார். முடிந்தது, கிளம்புங்கள் என்று அர்த்தம்.

போகிறவர்கள் நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் நிறைய எடுங்கள். தரையில் கிடப்பது எதையும் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

மறுநாள் இமிக்ரேஷனில் ஏதாவது வருமோ என்று ஏர்போர்ட் வாசலிலேயே நின்றேன். அவன் விமானம் கிளம்பியபின்பும் பயம் விடவில்லை. பறக்கப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிவிடுவதில்லை என்பதை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். சாயங்காலம் போன் அதிர்ந்தது.

"எறங்கி வீட்டுக்கு வந்துட்டேன் மச்சான். புள்ள என் விரல புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது."